ஏட்டுச் சுரைக்காயும் எழுதிய சுங்கானும்

1929ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு. நியூயோர்க் மாநகரின் ஐந்தாம் பெருவீதியில் ஆண்டுதோறும் நிகழும் உலாவைக் காண மக்கள் திரண்டு நின்றனர். புத்தாடை புனைந்து நடந்துவந்த இளம் பெண்கள் சிலர், பலர் பார்க்கச் சிகரெட்டுகளை எடுத்துப் பற்றவைத்தனர். பெண்ணொருத்தி தெருவிற் புகைபிடித்தல் பெரும் இழுக்கெனக் கருதப்பட்ட காலம் அது. செய்தியாளர்கள் அக்காட்சியைப் பத்திரிகைகளிற் பரப்பினர். அப்பெண்கள் ஏந்தியவை வெறுஞ் சிகரெட்டுகள் அல்ல, 'சுதந்திரத் தீவட்டிகள்' என்ற பேச்சும் உடன் பரவியது.

கண்டோர் அதனைப் பெண்விடுதலைக் கிளர்ச்சி என்றே எண்ணினர். உண்மையில் அதனைத் திட்டமிட்டவர் எட்வேட் பேர்னேய்ஸ் என்னும் விளம்பர நிபுணர். அவருக்குக் கூலி கொடுத்தது அமெரிக்கப் புகையிலைக் கம்பனி. பெண்களும் புகைக்கத் தொடங்கினால் விற்பனை பெருகும் என்பது கம்பனியின் கணக்கு. பெண்மனத்தில் உள்ள தடையை எவ்வாறு நீக்கலாம் எனப் பேர்னேய்ஸ் உளப்பகுப்பாய்வாளர் ஒருவரை அணுகிக் கேட்டார். ஏ. ஏ. பிரில் என்னும் அவ்வறிஞரே சிகரெட்டைச் 'சுதந்திரத் தீவட்டி' எனக் குறித்தவர். பேர்னேய்சுக்கு உளப்பகுப்பாய்வு புதியதன்று. வியன்னா நகரத்துச் சிக்மண்ட் பிராய்டின் தங்கை மகன் அவர். நம் முறையிற் கூறினால், பிராய்டுக்கு மருமகன்.

அதே 1929ஆம் ஆண்டில், பாரிஸ் நகரின் புறத்தே மார்ன் ஆற்றங்கரையில் அமைந்த லெ பெரெ என்னும் ஊரில், பெல்ஜிய நாட்டு ஓவியர் ஒருவர் ஒரு சுங்கானை எழுதினார். இரண்டடி உயரமுள்ள சீலை. வெறுமையான இளமஞ்சட் பின்னணி. நடுவே மண்ணிறத்தில், வளைந்து பளபளக்கும் சுங்கான். புகையிலைக் கடையின் பெயர்ப்பலகைக்கு எழுதியது போன்ற துலக்கம். கீழே, பள்ளிப்பிள்ளை தன் கொப்பியில் எழுதும் வட்டெழுத்தில், பிரெஞ்சு மொழியில் ஒரு வரி: 'இது ஒரு சுங்கான் அன்று.' அவ்வோவியத்தின் பெயர் 'படிமங்களின் வஞ்சகம்'. எழுதியவர் ரெனே மக்ரித். இன்று அஃது அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரக் கலைக்கூடத்தில் இருக்கின்றது.

படத்தைக் கண்டோர் பலர் சினந்தனர், சிலர் நகைத்தனர். மக்ரித்தின் விடை எளிது: இச்சுங்கானிற் புகையிலையை அடைக்க முடியுமா? முடியாது. ஆகவே இதனைச் சுங்கான் என எழுதியிருந்தாற் பொய்யுரைத்தவனாவேன் என்பது அவர் வாதம். தமிழர்க்கு இவ்வாதம் புதுமையானதன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்த பழமொழியின் பொருளும் இதுவேயாம்.

நியூயோர்க்கின் சிகரெட்டும் லெ பெரெயின் சுங்கானும் ஒரே ஆண்டிற் பிறந்த இரு மறுப்புகள். 'இது சிகரெட்டு அன்று; விடுதலை' என்றது விளம்பரம். 'இது சுங்கான் அன்று. படம்' என்றது ஓவியம். முன்னது பொருளை மறைத்து அதன்மேல் ஒரு கனவைப் போர்த்தியது. பின்னது போர்வையை நீக்கிக் கனவு கனவே என்று காட்டியது. இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த வழக்கே இவ்வரலாற்றின் பொருள்.

மக்ரித் சார்ந்திருந்த இயக்கம் சர்ரியலிசம். தமிழில் அதனை மீயதார்த்தவாதம் எனலாம். கண்ணுக்குப் புலனாகும் நடைமுறை உலகும் கனவில் விரியும் மறைமுக உலகும் இணைந்ததே முழுமையான மெய்ம்மை என்பது அதன் அடிப்படை. 1924ஆம் ஆண்டில் அந்திரே பிரெத்தோன் என்னும் பிரெஞ்சுக் கவிஞர் அதன் கொள்கை அறிக்கையைப் பாரிசில் வெளியிட்டார். முதலாம் உலகப்போரின்போது மனநோய் மருத்துவ நிலையமொன்றிற் பணிபுரிந்தவர் அவர். அங்கு பிராய்டின் கருத்துகளை அறிந்தார். 1921இல் வியன்னா சென்று பிராய்டை நேரிலும் கண்டார். மனிதனின் ஆழ்மனத்தில் அடங்கிக் கிடக்கும் ஆசைகளை விடுவித்தால் வாழ்வே மாறும் என்று அவர் நம்பினார். அதே ஆழ்மன ஆசைகளைத் தட்டியெழுப்பினாற் சரக்கு விலைபோகும் என்று பேர்னேய்ஸ் கண்டார். ஒரே கிணற்றிலிருந்து இருவர் நீர் இறைத்தனர். ஒருவர் தாகந் தீர்க்க இறைத்தார். மற்றவர் போத்தலில் அடைத்து விற்க இறைத்தார்.

மீயதார்த்தவாதிகள் வாழ்ந்த பாரிஸ், பண்டங்களின் பெருநகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கு மாபெரும் பல்பொருள் அங்காடிகள் எழுந்துவிட்டன. தெருச்சுவரெங்கும் வண்ணச் சுவரொட்டிகள். 'கதும்' என்னும் சவர்க்காரத்தின் விளம்பரக் குழந்தை, வீட்டுச் சுவர்களில் மாடியளவு உயர்ந்து, வழிப்போக்கரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இவ்வுலகை மீயதார்த்தவாதிகள் வெறுத்தொதுக்கினர் என எண்ணுதல் பிழை. அவர்கள் அதிலே மயங்கினர். மயங்கியபடியே அதனை ஆராய்ந்தனர். லூயி அரகோன் 1926இல் வெளியிட்ட 'பாரிசின் நாட்டான்' என்னும் நூலில், இடிக்கப்படவிருந்த பழைய கடைவீதியொன்றை நுணுக்கமாக வருணித்தார். அங்கு கைத்தடிகள் விற்கும் கடையொன்றின் கண்ணாடி, இரவில் கடல்போல் ஒளிர்ந்து, உள்ளே நீரரமகள் நீந்துவதாக அவர் எழுதினார். ரொபேர் தெஸ்நோஸ் என்னும் கவிஞர் 1927இல் எழுதிய நூலொன்றில், கதும் சவர்க்காரக் குழந்தையையும் மிஷ்லென் ரயர்க் கம்பனியின் ரயர் மனிதனையும் புராண வீரர்போல் ஒருவரோடொருவர் பொருதவிட்டார். பழைய தெய்வங்கள் நீங்கிய இடத்திற் புதிய தெய்வங்களாக விளம்பர உருவங்கள் வந்து அமர்ந்துவிட்டன என்பதை அவர்கள் கண்டுகொண்டனர்.

ஓவியத்திலும் இது நிகழ்ந்தது. ஜேர்மானியரான மாக்ஸ் ஏர்ன்ஸ்ட், 1919இல் கொலோன் நகரில் இருந்தபோது கற்பித்தற் கருவிகளின் விலைப்பட்டியல் நூலொன்றைப் புரட்டினார். எலும்புக்கூடு, நுண்ணோக்கி, செடி, கருவி என ஒன்றோடொன்று தொடர்பற்ற பொருள்கள் ஒரே பக்கத்தில் அருகருகே நின்றன. அவ்வொழுங்கற்ற நெருக்கம் அவர் கண்ணிற் கனவாயிற்று. அவற்றை வெட்டி ஒட்டியும் மேலே வண்ணம் தீட்டியும் புதிய படங்களை ஆக்கினார். விற்பதற்கென அச்சிட்ட ஏடு, விற்க முடியாத ஒரு கனவுலகத்தைப் பெற்றது.

இத்தாலியரான ஜோர்ஜியோ டி கிரிக்கோ 1914இல் எழுதிய 'காதற் பாட்டு' என்னும் ஓவியத்தில், கிரேக்கத் தெய்வத்தின் சுதைத்தலைக்கு அருகே இறப்பர்க் கையுறை ஒன்று சுவரில் ஆணியடித்துத் தொங்குகின்றது. கையுறைக் கடையின் அடையாளப் பலகையை நினைவூட்டும் காட்சி. தெய்வத்தலையும் கடைச்சரக்கும் ஒரே சுவரில், ஒரே மதிப்புடன் நிற்கின்றன. இளைஞரான மக்ரித் இவ்வோவியத்தின் அச்சுப் பிரதியைக் கண்டபோது கண்ணீர் பெருக நின்றதாகப் பின்னாளிற் கூறினார். அவர் வாழ்வின் திருப்பம் அதுவே.

மக்ரித் 1898ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் பெல்ஜியத்தின் லெசீன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தை தையற்றொழிலும் துணி வாணிகமும் செய்தவர். தாய் பெண்களின் தொப்பிகளை ஆக்கும் தொழில் அறிந்தவர். 1912இல், மகனுக்குப் பதின்மூன்று வயதாக இருக்கையில், தாய் சாம்பர் ஆற்றில் மூழ்கி உயிர்நீத்தார். 1916 முதல் மக்ரித் பிரசெல்ஸ் நகரின் கலைக்கழகத்திற் பயின்றார். 1921இற் சுவர்த்தாள் செய்யும் ஆலையொன்றில் வரைவாளராகச் சேர்ந்தார். 1922இல் ஜோர்ஜெத் என்னும் பெண்ணை மணந்தார். குடும்பம் நடத்தப் பணம் வேண்டியிருந்தது. ஆலையை விட்டு வெளியேறிய பின்னர், சுவரொட்டி, இசைப்பாட்டு ஏடுகளின் அட்டைப்படம், ஆடை நிறுவன விளம்பரம், இனிப்புப் பண்ட விளம்பரம் எனக் கிடைத்த வேலையெல்லாம் செய்தார்.

அவற்றுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. பிரசெல்சில் விலங்குரோம மேலாடைகளை விற்ற சாமுவேல் என்னும் நிறுவனத்தின் விலைப்பட்டியல்களுக்கு மக்ரித் படங்கள் வரைந்தார். 1928ஆம் ஆண்டுப் பட்டியலுக்குச் சொல்லெழுதியவர் போல் நூஜே. பிரசெல்ஸ் மீயதார்த்தவாதிகளின் சிந்தனைத் தலைவர் அவர். வாழ்க்கைத் தொழிலால் உயிரிரசாயன அறிஞர். ரோம மேலாடை வாங்க வந்த சீமாட்டிகளின் கையில், அவர்கள் அறியாமலே, மீயதார்த்தவாத ஏடு ஒன்று சேர்ந்தது. இருவரும் விளம்பரத்துக்குள் இருந்துகொண்டே அதன் இயல்பைச் சோதித்தனர்.

இவ்வனுபவம் மக்ரித்துக்கு ஒரு கல்வியாயிற்று. விளம்பரத்தின் இலக்கணம் எளிமையானது: ஒரு படம், அதன் கீழ் ஒரு பெயர். படத்தையும் பெயரையும் இடைவிடாது சேர்த்துக் காட்டினால், இரண்டும் ஒன்றென மனம் நம்பிவிடும். பின்னர் அப்பெயருக்குப் பதிலாக அழகு, இளமை, செல்வம், மதிப்பு என எதனை வைத்தாலும் மனம் மறுப்பதில்லை. 1927இல் எழுதிய 'கனவுகளின் திறவுகோல்' என்னும் ஓவியத்தில் மக்ரித் அந்த முடிச்சை அவிழ்த்தார். நான்கு கட்டங்கள்; நான்கு பொருள்கள். கைப்பையின் கீழ் 'வானம்' என்று எழுதினார். பேனாக்கத்தியின் கீழ் 'பறவை' என்றும், இலையின் கீழ் 'மேசை' என்றும் எழுதினார். நான்காவதாகிய கடற்பஞ்சின் கீழ் மட்டும் 'கடற்பஞ்சு' என்றே எழுதினார். மூன்று பொய்ப்பெயர்களைக் கண்ட கண், நான்காவது மெய்ப்பெயரையும் ஐயுறத் தொடங்குகின்றது. பெயர் பொருளோடு பிறந்ததன்று, மேலே ஒட்டப்பட்டது என்னும் தெளிவு பிறக்கின்றது. இரண்டாண்டுகளின் பின் வந்த சுங்கான் ஓவியம் அத்தெளிவின் முதிர்ச்சியே.

1929இன் இறுதியில் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. அதன் அதிர்ச்சி ஐரோப்பாவின் கலைச்சந்தையையும் தாக்கியது. மக்ரித்தின் ஓவியங்களை வாங்கி ஆதரித்த பிரசெல்ஸ் கலைக்கூடம் மூடப்பட்டது. 1930இல் அவர் மனைவியுடன் பிரசெல்ஸ் திரும்பி, ஜெத் என்னும் புறநகரில் ஒரு சிறு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பெற்றார். தம்பி போலுடன் சேர்ந்து, வீட்டின் பின்புறத் தோட்டத்துக் கொட்டிலில் 'தொங்கோ' என்னும் விளம்பரக் கூடத்தைத் தொடங்கினார். சுவரொட்டிகளும் கடைக் காட்சிப் பலகைகளும் அங்கு உருவாயின. கொட்டிலில் விளம்பரம், வீட்டின் உணவறையில் ஓவியம். உலகப்புகழ் பெற்ற படங்கள் பல அவ்வுணவறையிலேதான் எழுந்தன.

இதனை இரட்டை வேடம் என்று பழிப்பது எளிது. ஆயினும், மக்ரித் தம் விளம்பர வேலையைக் கலையென ஒருநாளும் பாராட்டியதில்லை. வயிற்றுப்பாட்டுக்கான மூட வேலை என்றே அதனைக் கருதினார். பொதுவுடைமைக் கட்சியில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சேர்ந்தும் விலகியும் இருந்தார். நெசவுத் தொழிலாளர் சங்கத்துக்குச் சுவரொட்டி வரைந்தார். இரண்டாம் உலகப்போரின் பின், தாம் வெறுப்பவற்றை அவர் ஒருமுறை பட்டியலிட்டார். அதில் அலங்காரக் கலைகள் இருந்தன, விளம்பரம் இருந்தது, அறிவிப்பாளர்களின் குரலும் இருந்தது. வானொலி அன்பர்கள் இதனைப் பொறுத்தருள்வார்களாக.

1935இல் எழுதிய 'செம்மாதிரி' என்னும் ஓவியத்தில் மரப்பலகைச் சுவரொன்றின் முன் இரு சப்பாத்துகள் நிற்கின்றன. மேற்பகுதி தோல், கயிறும் துளையும் உண்டு. கீழே வரவர அத்தோல் மனிதத் தசையாக மாறி, நகங்களோடு கூடிய விரல்களாக முடிகின்றது. அணியும் பொருளும் அணியும் உடலும் பிரிக்க இயலாதபடி ஒன்றாகிவிட்டன. 1938 நவம்பரில் அந்துவேர்ப் நகரில் ஆற்றிய சொற்பொழிவில் மக்ரித் இதற்கு விளக்கம் கூறினார். மிகக் கொடூரமானவையும் பழக்கத்தின் வலிமையால் நாகரிகமாகத் தோன்றுகின்றன. மனிதக் காலும் விலங்கின் தோலும் இணைவது உண்மையில் விகாரமான வழக்கமென உணர்த்தவே இப்படம் என்பது அவர் கருத்தின் சாரம். கடைக்கண்ணாடியில் மின்னும் சப்பாத்தைக் கண்டு ஆசைப்படுவோன், அதன் பின்னே உரிக்கப்பட்ட தோலை நினைப்பதில்லை. அவன் நினையாததை ஓவியம் நினைவூட்டுகின்றது.

போரின் பின் ஐரோப்பாவில் வாணிகம் மீண்டும் செழித்தது. புதுப்புதுப் பண்டங்கள் வீடுகளில் நிறைந்தன. 1952இல் மக்ரித் 'சொந்தப் பெறுமதிகள்' என்னும் படத்தை எழுதினார். ஒரு படுக்கையறை. கட்டிலும் கண்ணாடி அலுமாரியும் சிறுத்துப் பொம்மைகளாகத் தெரிகின்றன. அவற்றின் நடுவே கூரையைத் தொடும் சீப்பு, ஆளுயரத்தினும் மிக்க கண்ணாடிக் குவளை, அலுமாரியின்மேல் ஏறிக்கிடக்கும் சவரத் தூரிகை, தரையில் மாபெரும் தீக்குச்சி, பாறைபோன்ற சவர்க்காரக் கட்டி. சுவர்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெண்முகில் தவழும் நீலவானம். மனிதன் அவ்வறையில் இல்லை. அவன் நுழைய இடமும் இல்லை.

மக்ரித்தின் படங்களை அமெரிக்காவில் விற்றுவந்த அலெக்சாந்தர் யோலாஸ் என்னும் வணிகர் இப்படத்தைக் கண்டு கலங்கினார். அது தம்மை நோயுறச் செய்கின்றது எனக் கடிதம் எழுதினார். மக்ரித் தம் மறுமொழியில், படத்திலுள்ள சீப்பும் ஏனைய பொருள்களும் தம் சமூகப் பயனை இழந்து, பயனற்ற ஆடம்பரங்களாகிவிட்டன என்றும், பார்ப்பவர்க்கு அது கலக்கம் தருமாயின் படம் தன் வேலையைச் செய்கின்றது என்பதற்கு அதுவே சான்று என்றும் எழுதினார். சவர்க்காரத்தையும் சீப்பையும் சுவரளவு பெருக்கிக் காட்டுவது விளம்பரக்காரரின் அன்றாட வித்தை. தெருச்சுவரில் அதனைக் காண்போர் நகைமுகத்துடன் கடந்து போகின்றனர். அதே பருமனைப் படுக்கையறைக்குள் கொண்டுவந்து வைத்ததும் மூச்சுத் திணறுகின்றது. அளவு மாறவில்லை, இடந்தான் மாறியது. அதே ஆண்டில் எழுதிய 'கேட்கும் அறை' என்னும் படத்தில் ஒரு பச்சை ஆப்பிள் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருப்பதும் இத்திறத்ததே.

அடுத்த ஆண்டில் வந்தது 'கோல்கொண்டா'. வட்டத்தொப்பியும் கருநிற மேலங்கியும் அணிந்த ஆடவர் எண்ணற்றோர், செவ்வோட்டு வீடுகளின் மேலே வானில், ஒரே இடைவெளி விட்டு மழைத்துளிபோல் நிற்கின்றனர். ஏறுகின்றனரா, இறங்குகின்றனரா, அசையாது தொங்குகின்றனரா எனக் கூற இயலாது. அலுவலகத்துக்குச் செல்லும் நகரத்து ஆடவனின் சீருடை அது. மக்ரித்தும் அத்தொப்பியையே அணிந்தார். படத்துக்குப் பெயரிட்டவர் நண்பரும் கவிஞருமான லூயி ஸ்கியூத்தனேர். வைரத்துக்குப் புகழ்பெற்ற தக்காணத்துக் கோல்கொண்டா நகரின் பெயர், மேனாட்டில் அளவிறந்த செல்வத்துக்குக் குறியீடாக வழங்கியது. வைரம் கொட்டவேண்டிய வானத்திலிருந்து, ஆலையில் வார்த்தெடுத்தாற்போன்ற மனிதர் கொட்டுகின்றனர். பண்டங்கள் ஒன்றுபோல் ஆக்கப்படும் காலத்தில், அவற்றை வாங்குவோரும் ஒன்றுபோல் ஆகிவிடுவர் எனப் படத்தை வாசித்தால் அது பிழையாகாது. ஆயினும் மக்ரித் தம் படங்களுக்கு இத்தகைய நேர்ப்பொருள் கூறுவதை விரும்பினாரல்லர். வாழ்வின் புதிரை உணர்த்துவதே தம் நோக்கம் என்று சொல்லிவந்தார். கண்டனம் படத்தின் வாசகத்தில் இல்லை; பார்க்கும் பழக்கத்தைக் குலைப்பதில் இருக்கின்றது.

மீயதார்த்தவாதிகளுள் இதற்கு எதிர்த்திசையிற் சென்றவர் ஸ்பானியரான சல்வதோர் டாலி. 1939 மார்ச்சில், நியூயோர்க் ஐந்தாம் பெருவீதியில், பத்தாண்டுகளின் முன் சிகரெட்டு உலா நடந்த அதே வீதியில், பொன்விற் ரெல்லர் என்னும் அங்காடியின் கடைக்கண்ணாடிகளை அலங்கரிக்க அவர் அழைக்கப்பட்டார். கருரோமம் பதித்த குளியற்றொட்டியும், தூசிபடிந்த பழைய மெழுகுப் பாவைகளும் வைத்தார். வாடிக்கையாளர் முகஞ்சுளித்தனர். நிருவாகத்தினர் அவரைக் கேளாமலே பாவைகளை நீக்கித் தம் ஆடையணிந்த பொம்மைகளை நிறுத்தினர். மாலையில் வந்து கண்ட டாலி சினந்து உள்ளே பாய, குளியற்றொட்டி பெருங்கண்ணாடியை உடைத்துக்கொண்டு நடைபாதையில் வந்து வீழ்ந்தது. டாலியும் உடன் வெளியே வந்தார். பொலிசார் கைது செய்தனர். மறுநாட் பத்திரிகைகள் எல்லாம் அவர் பெயரையே பேசின. கடையின் கண்ணாடியை உடைத்தும் விளம்பரத்தை வெல்ல முடியவில்லை. உடைத்த செயலே பெரிய விளம்பரமாயிற்று.

டாலி இப்பாடத்தை நன்கு கற்றுக்கொண்டார். காலுறைக்கும் வாசனைப் பொருளுக்கும் விளம்பரம் வரைந்தார். 1968இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியிற் சொக்கலேட்டுக் கட்டியொன்றைக் கடித்து மீசையை முறுக்கிக் காட்டினார். 1969இல் ஸ்பானிய இனிப்பு நிறுவனமொன்றுக்கு அடையாளச் சின்னம் வரைந்தார். இன்றும் அச்சின்னத்துடனேயே 'சுப்பா சுப்ஸ்' விற்பனையாகின்றது. பிரெத்தோன் அவருடைய பெயரின் எழுத்துகளை மாற்றியடுக்கி 'ஆவிடா டொலர்ஸ்' எனப் பட்டஞ் சூட்டினார். டொலருக்குப் பேராசை கொண்டவர் என்பது அதன் பொருள். தெஸ்நோசும் 1930களில் வானொலி விளம்பரங்கள் ஆக்கிப் பிழைத்தார். ஆனால் அவர் முடிவு வேறு. நாசிகளை எதிர்த்த இயக்கத்திற் சேர்ந்து, கைதாகி, 1945 யூனில் தெரேசின் முகாமில் உயிர்நீத்தார். விளம்பரத்திற் கூலி பெற்ற அனைவரையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது.

மக்ரித்தும் சந்தையிலிருந்து தப்பியவரல்லர். புகழ் பெருகியதும், விரும்பப்பட்ட படங்களை வாங்குவோருக்காக மீண்டும் மீண்டும் எழுதினார். 1962இல் அவருடைய ஓவியங்களின் பெருங்கண்காட்சி பெல்ஜியக் கடற்கரை நகரொன்றில் நிகழ்ந்தபோது, 'பெரும் விலைக்குறைப்பு' என்னும் துண்டுப்பிரசுரம் ஒன்று வெளிவந்தது. தம் ஓவியங்கள் மலிவு விலைக்குக் கிடைக்கும், முந்துக என மக்ரித்தே அறிவிப்பதுபோல் அது எழுதப்பட்டிருந்தது. அதில் இருந்த நூறு பிராங்கு நாணயத்தாளின் படத்தில் அரசனின் முகத்துக்குப் பதிலாக மக்ரித்தின் முகம் இருந்தது. பலர் அதனை மெய்யென நம்பினர். பிரெத்தோனே பாராட்டினார் என்பர். உண்மையில் அதனை ஆக்கியவர் மக்ரித்தின் நெடுநாள் நண்பர் மர்செல் மரியன். கண்டிக்கும் ஓவியமே கடைச்சரக்காகிவிட்டது என்பது அவர் குத்தல். விளம்பரத்தின் வடிவத்தை எடுத்து விளம்பரத்தையே எள்ளும் கலையை மக்ரித்திடமே கற்றவர், அதனை அவர்மீதே எய்தார். அன்றுடன் அவர்களின் நட்பு முறிந்தது. இந்த வேடிக்கைக்கு வரலாறு மேலுமொரு வேடிக்கை செய்தது. 1998இல் பெல்ஜியம் வெளியிட்ட ஐந்நூறு பிராங்கு நாணயத்தாளில், மெய்யாகவே மக்ரித்தின் முகம் அச்சிடப்பட்டது.

1966இல் பெல்ஜிய விமானசேவையான சபேனாவுக்காக மக்ரித் 'வானப்பறவை' என்னும் படத்தை எழுதினார். இரவுநேர விமானநிலையத்தின் மேலே பகல் முகில்களால் ஆன பறவை. அது நிறுவனத்தின் விளம்பரச் சின்னமாகப் பறந்தது. 2001இல் சபேனா முறிந்தது. பின்னர் ஓவியம் ஏலத்திற் சென்றது. மக்ரித் 1967 ஆகஸ்டு 15ஆம் நாள் பிரசெல்சிற் காலமானார். அவர் எழுதிய பச்சை ஆப்பிள் ஒன்று பாடகர் போல் மக்காட்னியின் வீட்டை அடைந்து, 1968இற் பீற்றில்ஸ் குழுவினர் தொடங்கிய 'அப்பிள்' நிறுவனத்தின் சின்னத்துக்குத் தூண்டுதலாயிற்று. 2024 நவம்பரில் நியூயோர்க் ஏலமொன்றில் அவருடைய 'ஒளியின் பேரரசு' ஓவியத்தின் 1954ஆம் ஆண்டுப் படி 121 மில்லியன் டொலருக்கு மேல் விலைபோயிற்று. வட்டத்தொப்பியும், முகில்வானமும், அந்தரத்தில் மிதக்கும் பொருளும் இன்று உலகெங்கும் விளம்பரக்காரரின் பொதுச்சொத்து. சுங்கான் படத்தின் வாசகமும் அவ்வாறே. 'இது வெறும் கார் அன்று', 'இது வெறும் கைக்கடிகாரம் அன்று' எனச் சரக்கை உயர்த்திப் பேசும் விளம்பரம், மக்ரித்தின் மறுப்பைத் தலைகீழாக்கிப் பேர்னேய்சின் கையில் மீண்டும் கொடுத்துவிட்டது.

ஆயின், மீயதார்த்தவாதிகளின் கண்டனம் தோற்றது எனலாமா? விளம்பரத்தை ஒழித்தல் அவர்களால் இயலவில்லை என்பது மெய். பண்டங்களைத் துறந்து காட்டுக்குச் செல்லுமாறும் அவர்கள் கூறினாரல்லர். அவர்கள் செய்தது ஒன்றே. படத்துக்கும் பொருளுக்கும், பொருளுக்கும் பெயருக்கும், பெயருக்கும் ஆசைக்கும் இடையே உள்ள ஒட்டைப் பிரித்துக் காட்டினர். விளம்பரம் அந்த ஒட்டினாலேதான் வாழ்கின்றது. ஒட்டு இருக்குமிடத்தை ஒருமுறை கண்டவன் பின்னர் முற்றாக ஏமாறுவதில்லை. சிரிக்கும் சவர்க்காரக் குழந்தையைக் கண்டு அவனும் சிரிப்பான், சவர்க்காரமும் வாங்குவான். ஆனால் குழந்தையின் சிரிப்பு அந்தக் கட்டிக்குள் இல்லை என்பதை அறிந்தே வாங்குவான்.

ஜெத் புறநகரில் மக்ரித் 24 ஆண்டுகள் வாழ்ந்த வீடு இன்று அரும்பொருட்காட்சிச்சாலையாக இருக்கின்றது. சிறிய உணவறையும், அதன் பின்னே தோட்டத்துக் கொட்டிலும் அங்கு உள்ளன. ஆசையை மூட்டும் படங்கள் கொட்டிலில் உருவாயின. ஆசையை விசாரிக்கும் படங்கள் உணவறையில் உருவாயின. இரண்டையும் எழுதியது ஒரே கை. இரண்டிற்கும் இடையே இருப்பது சில அடித் தூரமே. அச்சில அடிகளை நாள்தோறும் நடந்து கடந்தவர், ஏட்டிலுள்ள சுரைக்காயின் அழகையும் அறிவார். அது கறிக்கு உதவாது என்பதையும் அறிவார்.